சிப்புக்கு உடம்பு சரியில்லை

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஜாருக்குள் திரும்பினால் அரிசி மண்டிக்கு மேல் மாடியில் அவருடைய ஸ்டூடியோ. போர்டைத் தேட வேண்டியதில்லை. மாடிப்படியில் யாராவது கோபமாக உட்கார்ந்திருந்தால் அதுதான் இடம். யாருமே உட்கார்ந்திருக்கவில்லை என்றால் அன்றைக்குக் கடை லீவு.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர்தான் வீடியோ. அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் 'வீடியோக்காரர்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவர் வீடியோ எடுப்பதைப் பார்த்தவர்கள் ஏராளம். எடுத்த வீடியோவைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருவர் தன் கல்யாண வீடியோவைக் கேட்டு இடுப்பில் குழந்தையோடு வந்தார். அடுத்த முறை அவர் வந்தபோது அந்தக் குழந்தை அவருக்கு முன்னால் படியேறிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

சித்திரை வெயிலிலும் உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த ஒரு காக்கிக் கோட்டைப் போட்டிருப்பார். அந்தப் பாக்கெட்டுகளிலிருந்து எதையாவது அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. கேமரா தோளில் ஏறிவிட்டால் மாப்பிள்ளையைப் பெற்றவரையே "சைடு வாங்குபா" என்று தள்ளுவார். கேமராவை இறக்கிவிட்டால் அவரைவிடப் பணிவான ஆளை இந்தத் தாலுகாவில் காண முடியாது. 'இல்லை' என்ற சொல் அவர் வாயில் வராது. 'ஆகவில்லை' என்பதும் வராது.

"எல்லாம் ரெடி நைனா. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி" என்பார்.

அந்த ஒன்று என்ன என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் விளக்கத் தொடங்கிவிடுவார். கேட்டவர் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவார்.

ஆரம்ப காலத்தில் கரண்ட் இல்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு மழைக்காலங்களில் கேசட்டுகளில் பூசணம் பூத்தது. வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்து மிக்சிங் செய்ய மெட்ராசுக்குப் போன கல்யாணங்கள் அங்கேயே குடியேறிவிட்டன. ஒரு பெண்ணின் அப்பாவிடம் அவர் சொன்ன காரணத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை: "உங்க பொண்ணு தாலி கட்டும்போது சிரிக்கவே இல்ல. எந்தப் பாட்டு போட்டாலும் செட்டாவ மாட்டேங்குது. யோசிச்சிகினு கீறேன்." அந்த மனிதர் சண்டை போட வந்தவர். மகள் ஏன் சிரிக்கவில்லை என்ற கவலையோடு படியிறங்கிப் போனார்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் கழித்து, மெட்ராசிலிருந்து ஒரு பழைய லேப்டாப் வாங்கி வந்தார். ஏதோ ஒரு கம்பெனியில் மாடாய் உழைத்து ஓய்வு பெற்றது. கனமானது. போட்ட கொஞ்ச நேரத்தில் தோசைக்கல்லாகச் சூடேறும். இனிமேல் மிக்சிங்குக்கு மெட்ராஸ் போக வேண்டியதில்லை, எல்லாம் இங்கேயே, உடனுக்குடன் என்று ஊரெல்லாம் சொன்னார். வந்த கொஞ்ச நாளிலேயே அதற்குள்ளிருந்த கிராபிக்ஸ் சிப்பு, அதாவது திரையில் படத்தை வரைகிற சில்லு, கெட ஆரம்பித்தது. முதலில் மணப்பெண்ணின் கன்னத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். பிறகு திரை முழுக்க மேலிருந்து கீழாகப் பச்சையும் ஊதாவுமாய்க் கோடுகள். பிறகு ஒரே இருட்டு. உள்ளே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். அவருக்கோ புதையல் கிடைத்த மாதிரி. கரண்ட் வந்துவிடும், மழை நின்றுவிடும். சிப்பு அப்படியா? கெட்டது கெட்டதாகவே இருக்கும். ஆனால் ஒரேயடியாகச் சாகவும் சாகாது. அரசாங்க ஆபீசில் சிலருக்குத் தீராத வயிற்றுவலி வாய்ப்பதுண்டு. அந்த மாதிரி ஒரு பாக்கியம்.

அதன் உடல்நிலையை அவர் அறிவிக்கிற விதமே தனி. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துது நைனா. கார்த்தால பாத்தா படுத்துட்ச்சு." லேப்டாப்பை இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து அவற்றின் மேல் வைத்திருப்பார். பக்கத்தில் டேபிள் ஃபேன். யாரோ கண்பட்டிருக்கும் என்று சொன்னதில் மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. வந்தவர்கள் அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள்.

பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் ஒருவர், மகளுடைய நிக்காஹ் வீடியோவைக் கேட்டு மச்சானையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"பொண்ணு பிரசவத்துக்கே வந்துட்டாய்யா! எப்பத்தான் குடுப்பே? பேஜாரா கீது உன்னோட" என்று பாய் கத்தினார்.

வீடியோக்காரர் லேப்டாப்பைப் போட்டார். திரையில் பாயின் மகள் முக்காட்டோடு தலை நிமிர்ந்தாள். அதே நொடியில் கோடுகள் வந்து மூடின. பிறகு இருட்டு.

"பாத்தீங்களா பாய். அழுத்திப் பிடிச்சா மொத்தமா பூடும். உங்க பொண்ணு கல்யாணம் உள்ளதான் கீது. நான் பொறுமையா வெளிய எடுத்துகினு கீறேன்" என்றார், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்த டாக்டரின் குரலில்.

பாய் மச்சானைப் பார்த்தார். மச்சான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். "பாத்து பண்ணுப்பா, அவசரம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பாய் தன் கடையிலிருந்து இன்னொரு டேபிள் ஃபேனைக் கொடுத்தனுப்பினார். சிப்புக்குக் காற்று போதாதாம்.

இதையெல்லாம் வேடிக்கை பார்க்க நான் ஏன் அந்த மாடிக்குப் போனேன் என்றால், என் கல்யாணமும் அந்த லேப்டாப்புக்குள்தான் சிக்கியிருந்தது.

எங்கள் ஊர் பெருநகர் பக்கம். மனைவி கலாவுக்குக் காவாந்தண்டலம். அவளுக்கு அப்பா இல்லை, உடன்பிறந்த ஆண்பிள்ளையும் இல்லை. தாய்மாமன்தான் வளர்த்தார். நிலத்தில் பாடுபட்டு அவளைப் படிக்க வைத்து, கல்யாணத்தையும் எடுத்து நடத்தியவர் அவர்தான். அந்த மாமாவுக்கு, தாலி கட்டுவதற்கு முன்னால் மேடையில் மாப்பிள்ளையின் அப்பா மாலை போட்டு மரியாதை செய்ய வேண்டும். அந்த மாலை அவருக்குப் போடப்படவில்லை. கட்சிக்காரர் ஒருவரின் கழுத்துக்குப் போய்விட்டது.

ஏன் போடப்படவில்லை என்பதில்தான் தகராறு. "நான் கூப்ட்டேன், ஆளைக் காணோம். நாஷ்டா துன்னப் பூட்டாரு" என்றார் என் அப்பா. "எதிருலதான் நின்னுகினு இருந்தேன். என்னைப் பாத்துட்டே தாண்டிப் போனாரு" என்றார் மாமா. நான் மணமேடையில் அய்யர் வளர்த்த ஓமப் புகையில் கண் எரிந்து உட்கார்ந்திருந்தேன். என் சாட்சி செல்லாது.

"வீடியோ வரட்டும், தெரிஞ்சுடும்" என்றார் அப்பா.

"வரட்டும். நானும் அத்தத்தான் சொல்றேன்" என்றார் மாமா.

அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் மூச்சுக்கு ஒருமுறை வீடியோ வரட்டும் என்பதே பேச்சு. இருவரில் சத்தமாகச் சொன்னவர் அப்பாதான். ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அழைத்துப்போக அம்மா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அண்ணன் சொல்லாமல் என் மாமியார் வாசற்படி தாண்ட மாட்டார். கலா அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுத் துணியை எல்லாம் அடித்துத் துவைத்தாள். பிறகு அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. மாதங்கள் ஓடின. வளைகாப்புக்கு நாள் பார்க்க வேண்டிய நேரம் வந்தது.

"உங்க ரெண்டு வூட்டுச் சண்டைக்கு என் வளைகாப்பு இன்னா பண்ணுச்சு? எங்க அம்மா வந்து எனக்கு வளையல் போடணும். இல்லன்னா ஒண்ணும் வாணாம், கடையில வாங்கி நானே போட்டுக்கிறேன்" என்றாள் கலா. சொல்லிவிட்டு அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கு அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலை. கெட்டுப்போன கம்ப்யூட்டர்களோடு பிழைப்பு நடத்துகிறவனிடமே ஒருவர் சிப்பைக் காட்டிப் பயமுறுத்துகிறார் என்பது என் தன்மானத்துக்கு ஒரு சோதனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.

"அண்ணா, சிப்பு கெட்டாலும் ஹார்ட் டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கும். அத்த கழட்டி வேற சிஸ்டத்துல போட்டா வீடியோ எல்லாம் வந்துரும். குடுங்க" என்றேன்.

அவர் அதிர்ந்து போனார். "நைனா! அதுல எத்தினி வூட்டுப் பொம்பளைங்க கீறாங்க தெரியுமா? உன் கல்யாணத்த இன்னொருத்தன் எடுத்துகினு போயி வேற எடத்துல போட்டுப் பாத்தா நீ ஒத்துப்பியா?"

பதில் சொல்ல முடியாத மாதிரி காரணம் சொல்வதில் அவர் எப்போதுமே கெட்டி. "செரி, இங்கயே சிப்ப பாக்கறேன். டிஸ்க்க தொடமாட்டேன்" என்றேன். அவருக்கு மறுக்க வழியில்லாமல் போனது. மறுப்பதும் அவருக்குப் பழக்கமில்லை.

முதலில் அவருடைய பழைய மானிட்டரை ஒயர் போட்டு லேப்டாப்போடு மாட்டினேன். அதிலும் அதே பச்சை ஊதாக் கோடுகள். ஆக, திரையில் குற்றமில்லை. படம் கிளம்புகிற இடத்திலேயே கோளாறு. "நான் சொல்லல?" என்று அவர் பெருமையோடு சிரித்தார். கீபோர்டின் ஓரத்தில், சிப்பு இருக்கிற இடத்துக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். கோடுகள் போய்ப் படம் தெளிந்தது. விரலை எடுத்தேன். திரும்ப வந்தன. சிப்பைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கிற பற்றவைப்புப் பொட்டுகள் சூட்டில் விரிசல் விட்டிருக்கின்றன. பழைய லேப்டாப்புகளில் இது வழக்கம்தான். ஆனால் இவ்வளவு சூடு ஏன்?

திருப்பிப் போட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். அவர் கோட்டுப் பாக்கெட்டுகளில் கைவிட்டபடி ஜன்னலோரம் போய் நின்றார். அரிசி மண்டியில் மூட்டை இறக்குவதை அதற்கு முன்னால் அவர் அத்தனை அக்கறையாகப் பார்த்ததில்லை. சிப்பின் மேல் பூசியிருந்த பசை காய்ந்த சுண்ணாம்பாகியிருந்தது. விசிறியில் தூசி. அது எதிர்பார்த்ததுதான். சூட்டுக் காற்று வெளியே போகிற துவாரத்தில், வெளியிலிருந்து தெரியாதபடி, லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணி அழகாக மடித்துச் செருகப்பட்டிருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"இன்னாண்ணா இது?"

"துணி" என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே.

"துணின்னு தெரியுது. இதுக்குள்ள இன்னா பண்ணுது?"

"தூசி பூந்துடக் கூடாதுன்னு..."

"அப்ப சூடு எந்த வழியாண்ணா வெளிய போவும்?"

கொஞ்சம் யோசித்தார். "அத்த நான் யோசிக்கலியே நைனா" என்றார், பால் மணம் மாறாத முகத்தோடு.

உலகத்தில் எல்லோரும் கெட்டதைச் சரி செய்யப் பாடுபடுகிறார்கள். கெட்டதைக் கெட்ட நிலையிலேயே இத்தனை சிரத்தையோடு காப்பாற்றி வந்த ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன். வேலையைப் பார்த்தேன். தூசியைத் தட்டினேன். சுற்றிலும் அலுமினியத் தாளை வைத்து மறைத்து, சூட்டுக் காற்று ஊதும் கருவியால் சிப்பை மட்டும் நிதானமாகச் சூடாக்கினேன், விரிசல் விட்ட பொட்டுகள் இளகி மறுபடி ஒட்டிக்கொள்ள. ஆறவிட்டேன். புதுப்பசை பூசி, சிப்புக்கும் மேலே சூட்டை இழுக்கிற குழாய்க்கும் நடுவில் மெல்லிய செப்புத் தகடு வைத்து மூடினேன். துணியை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

லேப்டாப்பைப் போட்டேன். திரை பளிச்சென்று வந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு கட்டம் இல்லை.

"பூட்ச்சா?" என்றார்.

"வந்துட்ச்சுண்ணா. ஆனா நிரந்தரம் இல்ல. கொஞ்ச மாசம் ஓடும், திரும்பக் கெடும்" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவர் முகத்துக்கு லேசாக உயிர் திரும்பியது. "என் கல்யாணத்த போடுங்க" என்றேன்.

"இன்னொரு நாளு பாக்கலாமே. இப்பத்தான் எழுந்து உக்காந்து கீது, பாவம்."

"போடுங்கண்ணா."

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உள்ளே கைவைத்த பனியன்தான். கோட்டு இல்லாமல் அவர் வேறு ஆளாகத் தெரிந்தார், ஒல்லியாக. என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தேடாமல் கொள்ளாமல் நேராக அந்த இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தி, ஓடவிட்டார்.

மேடை. அப்பா கையில் மாலை. எதிரில் மாமா, வெள்ளைச் சட்டையில். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் செருகிக்கொள்கிறார். மாலை வாங்கத் தோதாகக் கொஞ்சம் குனிகிறார். அப்பாவின் கண் அவர்மேல் பட்டது. நன்றாகவே பட்டது. அந்த நேரத்தில் கட்சிக்காரர் ஆட்களோடு மேடையேறுகிறார். அப்பாவின் கண் நகர்கிறது, பிறகு கால், பிறகு மாலை. கட்சிக்காரர் கழுத்தில் மாலை விழுகிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். மாமா இன்னும் குனிந்தபடியே நிற்கிறார். நிமிர்ந்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று நினைத்தாரோ என்னவோ. அப்புறம் பிடரி அரிப்பதுபோலக் கையைக் கொண்டுபோய்ச் சொறிந்து, சொறிந்துகொண்டே மெதுவாக நிமிர்கிறார். கேமரா அவரை விட்டு அசையவே இல்லை.

நான் நிறுத்தச் சொல்லவில்லை. வீடியோக்காரரே நிறுத்தினார்.

"அன்னைக்கே கேமராவுல பாத்துட்டேன் நைனா" என்றார். "உங்க அப்பா கெட்டவரு இல்ல. பெரிய மனுசன் வந்தா நம்ம ஆளுங்களுக்குக் கைகால் ஓடாது. ஆனா இத்த ஒருதபா வூட்டுல போட்டுட்டேன்னு வை. அவரு தெனம் குனிவாரு, உங்க அப்பா தெனம் தாண்டிப் போவாரு."

"அதுக்காகவா சிப்பு?"

"சிப்பு மெய்யாலுமே கெட்டதுதான்" என்று அவசரமாகச் சொன்னார். தொழில் பக்தி. பிறகு குரலை இறக்கினார். "என் கல்யாணக் கேசட்டு ஒரே வாரத்துல வந்துட்ச்சு. எடுத்தவன் ரொம்ப ஒயுங்கானவன். அதுல ஒரு ஓரத்துல எங்க அம்மா, பொண்ணு வூட்டு சீர் பாத்திரத்த தூக்கிப் பாத்துட்டு மூஞ்சிய இப்பிடிப் பண்ணுவாங்க. ஒரு நொடி. என் மச்சானுங்க அத்த ரீவைண்டு பண்ணி ரீவைண்டு பண்ணிப் பாத்தாங்க. எங்க அம்மா செத்ததுக்குக்கூட அவங்க வரல."

இவர் மகானாகத்தான் தாமதம் செய்தாரா, சோம்பேறித்தனத்துக்கு மகான் வேஷம் போட்டாரா என்பது அன்றும் புரியவில்லை. சண்டையே நடக்காத கல்யாணங்களின் வீடியோக்களும்தான் அந்த மாடியில் பல்லாண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

"இப்ப நீயே சொல்லு. சிப்பு நல்லா கீதா, கெட்டுப்பூட்ச்சா?" என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பெருநகர் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மாமாவின் பிடரிதான் கண்ணில் நின்றது. சிப்பு செத்துவிட்டது என்று வீட்டில் சொல்லலாம். சண்டை அப்படியே இருக்கும், வளைகாப்புக்கு யாரும் வரமாட்டார்கள். வீடியோவைக் கொண்டுவந்து போட்டால் அப்பா தலை தொங்கிவிடும், மாமாவின் மானமும் சேர்ந்தே போகும்.

வீட்டில் அப்பா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். கலா திண்டில் சாய்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சிப்பு சரியாயிடுச்சுப்பா. நானே பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை வீடியோ கைக்கு வந்துரும்" என்றேன்.

தவிடு கலக்கிய கை நின்றது. "முழுசுமா?"

"முழுசும்."

"மாலை போட்டதெல்லாம் கூடவா?"

"அதெல்லாம் நல்லா தெளிவா வந்துகீதாம்பா."

கலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அப்பா மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே, "எதுக்குடா இவ்ளோ அவசரமா..." என்று மாட்டிடம் கேட்டார். வீடியோ வரட்டும் என்று மாதக்கணக்கில் ஊரைக் கூட்டியவர்.

மறுநாள் காலையில் நான் எழுவதற்குள் அவர் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் நின்றுகொண்டிருந்தார். "வண்டிய எடு. காவாந்தண்டலம் போய்ட்டு வந்துடலாம்" என்றார். உத்திரமேரூரில் இறங்கிப் பழம், வெற்றிலை, பூ வாங்கினார். பூக்கடையில் ஒரு மாலையைத் தொட்டுப் பார்த்து, என்னைத் திரும்பிப் பார்த்து, வைத்துவிட்டார்.

மாமா நெல் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை நட்டுவிட்டு நின்றார். வா என்று சொல்லவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கிப் போனார்.

"சம்மந்தி, பொண்ணுக்கு வளைகாப்பு வச்சிகீறோம். நீங்க முன்ன நின்னு நடத்தணும்."

மாமா மண்வெட்டியைப் பிடுங்கி வரப்பில் இன்னொரு வெட்டுப் போட்டார்.

"அன்னைக்கு... கண்ணு சரியாத் தெரியல சம்மந்தி. வயசாவுது. பொகை வேற. தப்பு என் மேலதான்."

மாமா குனிந்து கையில் ஒட்டியிருந்த சேற்றை வழித்தார். "வீடியோ வந்துட்ச்சா?" என்று கேட்டார்.

என் அப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "எங்க வருது? அந்தச் சிப்பு மொத்தமா பூட்ச்சாம். இவனே போய்ப் பாத்துட்டு வந்துட்டான், கேளுங்க."

மாமா என்னைப் பார்த்தார். "பூட்ச்சு மாமா" என்றேன்.

அவர் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். அத்தனை நாளாக வீடியோ கேட்டுச் சண்டை போட்டவர், அது வரவே வராது என்றதும் பாரம் இறங்கியவர்போல வரப்பில் உட்கார்ந்தார். தான் குனிந்து நின்றதை நாலு பேர் டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. "போனா போவட்டும் சம்மந்தி. வூட்டுக்கு வாங்க, சாப்ட்டுப் போலாம்" என்றார்.

திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து அப்பா கேட்டார். "டேய், நீ பண்ண சிப்பு எத்தினி நாளைக்குத் தாங்கும்?"

"சொல்ல முடியாதுப்பா."

"சூடானா பூடுமா?"

"பூடும்."

"இப்பல்லாம் வெயிலு ஜாஸ்தியாத்தான் கீது" என்றார் அப்பா. கார்த்திகை மாதத் தூறலில் இருவருமே நனைந்துகொண்டிருந்தோம்.

வளைகாப்புக்கு மாமியார் தாம்பாளம் நிறைய வளையல்களோடு வந்தார். கலா அன்றைக்குத்தான் அழுதாள். அப்பா உத்திரமேரூரில் சொல்லிவைத்து வாங்கிய பெரிய மாலையை, யாரும் கேட்காமலே, புது ஊதாச் சட்டையில் வந்திருந்த மாமாவின் கழுத்தில் போட்டார். வீடியோக்காரர் வந்திருந்தார், கோட்டோடு. "சரியா வரல, இன்னொருதபா போடுங்க" என்றார். போட்டார்கள். "இப்பிடி வெறுஞ்செவுத்துப் பக்கமா வாங்க. கூட்டத்துல யாரும் உள்ள பூராதீங்க. இன்னும் ஒரே தபா" என்றார். கழுத்து வலிக்கும் வரைக்கும் மாமா மாலை வாங்கினார். ஏன் இந்தப் பாடு படுத்துகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்த சமயத்தில் ஒரு மத்தியானம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "செத்த சிப்பு பொயச்சிகிச்சு நைனா" என்றார். கையில் டி.வி.டி. உறையில் நானும் கலாவும் ஒரு தாமரைக்குள் நின்றுகொண்டிருந்தோம். அவரே சொல்லியனுப்பியிருந்ததால் மாமாவும் மாமியாரும் வந்துவிட்டார்கள். வடை சுட்டுக்கொண்டிருந்தாள் கலா. அந்த இடம் என்ன ஆயிற்று என்று நான் கண்ணாலேயே கேட்டுப் பார்த்தேன். வீடியோக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. வடையிலேயே கவனமாக இருந்தார்.

வீடியோ ஓடியது. பனிமலையில் நானும் கலாவும் பறந்தோம். என் நெற்றியிலிருந்து கோபுரம் முளைத்தது. அப்புறம் மேடை. அந்த இடம் வந்தது. அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த கை இறுகியது. மாமா காலை மடக்கி உட்கார்ந்தார். திரை முழுக்க ரோஜாப்பூக்கள் கொட்டின. பூக்களுக்கு நடுவில், கல்யாண மண்டபத்தின் சிவப்புத் திரைச்சீலைக்கு முன்னால், என் அப்பா சிரித்த முகத்தோடு மாமாவுக்கு மாலை போட்டார். மாமா இருகை கூப்பி வாங்கிக்கொண்டார். நாதஸ்வரம் ஓங்கி ஒலித்தது. கட்சிக்காரர் எங்கேயும் இல்லை.

மாமியார், "நல்லாத்தானே போட்டுகீறாரு!" என்று அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

மாமா டி.வி.க்குப் பக்கத்தில் நகர்ந்து போய் உற்றுப் பார்த்தார். "அன்னைக்கு இந்த ஊதாச் சட்டையா போட்டுக்கினு இருந்தேன்?" என்றார்.

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊதாதான் சம்மந்தி. எனக்கு நல்லா ஞாபகம் கீது."

மாமா அப்பாவைப் பார்த்தார். பிறகு மூலையில் தட்டோடு உட்கார்ந்திருந்த வீடியோக்காரரை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் தலையே நிமிரவில்லை.

"ஆமா, ஊதாதான்" என்றார் மாமா. "கலா, வீடியோக்காரருக்கு இன்னும் ரெண்டு வடை கொண்டாந்து வையிம்மா."